கான்சாஸ் நகரத்திலிருந்து ஒரு சமாதானம்

மாமா அவர்களுக்கு மருமான் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. காவிரியில் தண்ணீர் வந்தது, கொல்லைச் சுவர் விழுந்தது, விழுந்த சுவரை எழுப்பக் கொத்தனார் வராதது ஆகிய விருத்தாந்தங்களையெல்லாம் விஸ்தாரமாக எழுதிவிட்டு, காகிதத்தில் இடம் போதாமற்போனது போன்ற பாவனையுடன் கடைசி ஓரத்தில், "நீ அங்கே குடிக்கிறாயாமே?" என்று ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். கும்பகோணம் கோர்ட்டில் தாங்கள் வெகுகாலம் குறுக்கு விசாரணை செய்த முறை இதுதான் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்: சாட்சியை நெல் விலையிலும் மழையிலும் கொஞ்ச தூரம் உலாவ விட்டுவிட்டு, அவன் சற்றே அயர்ந்த சமயத்தில் கேட்க வேண்டியதைக் கேட்பது. ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தாங்கள் ஏற்பீர்கள் என்று தெரிந்திருப்பதால் முதலிலேயே ஆம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் சாட்சி தன் வாக்குமூலத்தை முழுவதும் சொல்லி முடிக்கக் கோர்ட்டார் அனுமதிக்க வேண்டும்.

முதலாவதாக ஸ்தலத்தைப் பற்றிய ஒரு விவரம். கான்சாஸ் நகரம் என்ற பெயரைக் கண்டு இது கான்சாஸ் மாகாணத்தில் இருப்பதாகத் தாங்கள் மாமியிடம் சொல்லியிருப்பீர்கள். அதன் பெரும்பகுதி இருப்பதோ பக்கத்து மாகாணமாகிய மிசௌரியில். இரண்டுக்கும் நடுவே ஓடும் எல்லை ஒரு தெருவாகவே ஓடுகிறது. அந்தத் தெருவின் இருபுறத்துக்கும் சட்டம் வேறு, வரி வேறு, ஒரு காலத்தில் தாகமும் வேறாக இருந்திருக்கிறது. கான்சாஸ் மாகாணத்தார் 1881-ஆம் ஆண்டிலேயே மதுவிலக்கு கொண்டுவந்துவிட்ட புண்ணியவான்கள். அங்கே கேரி நேஷன் என்று ஓர் அம்மாள் இருந்தாள். முதல் கணவனைக் குடிக்குப் பறிகொடுத்த அந்த அம்மாள், ஏறக்குறைய ஆறடி உயரமும் கையில் ஒரு கைக்கோடரியுமாகச் சாராயக் கடைகளுக்குள் பிரவேசித்துக் கண்ணாடிகளையும் பீப்பாய்களையும் உடைத்துத் தள்ளுவாளாம். பிறகு கோர்ட்டார் விதித்த அபராதத்தைக் கட்டுவதற்காகக் குட்டிக் கோடரிப் பதக்கங்களை விற்றுப் பணம் திரட்டுவாளாம். 1901-இல் எல்லை தாண்டி எங்கள் ஊருக்கும் வந்து பன்னிரண்டாவது தெருவில் தன் கைங்கரியத்தை ஆரம்பித்தபோது, இவ்வூர் நீதிபதி 500 டாலர் அபராதம் விதித்து, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்றால் அதைக் கட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வக்கீல் என்ற முறையில் தாங்கள் அந்தத் தீர்ப்பின் நயத்தை ரசிப்பீர்கள்.

இன்னொரு சங்கதி தங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது 1948 அக்டோபர் 2; அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பரில், கான்சாஸ் ஜனங்கள் வாக்களித்துத் தங்கள் மதுவிலக்கை ரத்து செய்தார்கள். நாம் கதவைச் சாத்திய சப்தம் கேட்டுத்தான் இவர்கள் கதவைத் திறந்தார்களோ என்று எண்ணும்படியான பொருத்தம்.

இனி வழக்குக்கு வருகிறேன். என் உத்தியோகசாலையில் ஒரு பெரியவர் இருக்கிறார். கான்சாஸில் கோதுமை பயிரிட்ட குடும்பத்துப் பிள்ளை; அறுபதைத் தாண்டியவர்; அதிகம் பேசாதவர். கோடைகாலத்துச் சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் (இவர்களுக்கும் திண்ணை உண்டு, மாமா, மரத்தால் செய்து, அதன்மேல் ஊஞ்சல் ஒன்றும் போட்டிருப்பார்கள்) இரண்டொருவரை அழைத்து உட்காரவைத்துப் பண்ணை பியர் என்ற ஒன்றை உபசரிப்பது அவருடைய சம்பிரதாயம். அமெரிக்காவில் பியர் என்றால் சாதாரணமாக அது டப்பாவில் அடைத்து, பல் கூசும்படி குளிரவைத்து, எந்த ருசியும் நாக்கில் படுவதற்கு முன் தொண்டையில் இறங்கிவிட வேண்டிய மஞ்சள் திரவம். அதை எனக்கு முன்பே ஒருவர் கொடுத்து, நானும் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை அவர் வீட்டு ரோஜாச் செடிக்கு அர்ப்பணம் செய்ததுண்டு. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்தப் பெரியவர் செய்ததோ வேறு காரியம்.

தாமரை மொட்டின் வடிவில் வயிறு பருத்து வாய் சற்றே விரிந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்து, அதில் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துத் துடைத்து, பியரை முதலில் சாய்த்தும் பிறகு நிமிர்த்தியும் வார்த்து, பசும்பால் நுரைபோல நாலு விரற்கடை நுரை எழுந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அது அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தக் கணத்தில் தங்கள் நினைவுதான் வந்தது. முதல் டிகாக்ஷன் இறங்குகிற வரையில் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு, கொட்டையை அன்றைக்கு வறுத்ததா முந்தாநாள் வறுத்ததா என்று மணத்தைக்கொண்டே சொல்லிவிட்டு, டவராவில் நுரை எழ ஆற்றி, முதல் மிடறை வாயில் வைத்துக்கொண்டு தாங்கள் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் யாராவது கட்சிக்காரர் வந்து பேச முயன்றால் அவருடைய கேஸ் என்ன கதியாகும் என்பது ஊரறிந்த விஷயமல்லவா? அந்த சிரத்தைதான் இங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

நுரை அடங்கியதும் முகரச் சொன்னார். முகர்ந்தேன். மிளகு வாசனை! புதிதாக இடித்த மிளகு, அதனுடன் சிறிது லவங்கம், அடியில் ஈர வைக்கோல், மேலே பம்ளிமாஸ் பழத்தின் தோலை நகத்தால் கீறினால் தெறிக்கும் மணம். மிளகை எப்போது போடுகிறார்கள் என்று கேட்டேன். ஒரு மிளகும் போடவில்லையாம். எல்லாம் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் செய்யும் வேலை. முளைகட்டிய தானியத்தின் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றுகிறபோதே, போகிற போக்கில், மிளகையும் லவங்கத்தையும் ஒத்த வாசனைப் பொருள்களையும் உண்டாக்கிவிட்டுப் போகிறதாம். 1498-இல் வாஸ்கோ ட காமா மிளகுக்காகப் பிரயாசைப்பட்டுக் கள்ளிக்கோட்டை வரைக்கும் வந்து, அதைத் தொடர்ந்து நமக்கு நேர்ந்த சங்கடங்களையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, மிளகு வாசனை ஐரோப்பியர்களின் பியர்த் தொட்டிகளிலேயே இலவசமாகக் கிடைத்திருக்கிறது என்ற செய்தி சற்றுக் கசப்பாகத்தான் இருக்கிறது.

குடித்துப் பார்த்தால் கசப்பும் இருக்கிறது. ஆனால் வேப்பிலைக் கசப்பல்ல. நாக்கின் நுனியில் தானியத்தின் மெல்லிய தித்திப்பு ஒரு க்ஷணம் தோன்றி, அதை நாம் அறிந்துகொள்வதற்குள் மறைந்து, நடுநாக்கில் வாயுவின் குறுகுறுப்பும் காரமுமாகப் பரவி, முடிவில் வாய் துடைத்துவிட்டாற்போல் உலர்ந்துபோகிறது. உலர்ந்த வாய் இன்னொரு மிடறு கேட்கிறது. இந்த வறட்சியே இந்த ஜாதிக்குரிய லக்ஷணம் என்றார் பெரியவர். மற்ற ஈஸ்டுகள் தின்னாமல் விட்டுவைக்கும் சர்க்கரைகளையும் இந்த வம்சத்து ஈஸ்டுகளில் சில விடாமல் தின்றுவிடுகின்றன. தங்களுக்கு டாக்டர் சர்க்கரையை விலக்கியிருப்பதை நினைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. தாங்களும் அப்படி எண்ணிக்கொள்ளக் கூடாது.

இந்தப் பண்ணை பியரின் பூர்வீகம் பெல்ஜியத்தின் தென்மேற்கே ஹெய்னோ என்ற பிரதேசம். அங்கே பண்ணைக்காரர்கள், வயலில் வேலையற்றுக் கிடக்கும் பனிக்காலத்தில் பியர் காய்ச்சிவைத்து, கோடையில் அறுவடைக்கு வரும் கூலியாட்களுக்குக் கொடுத்து வந்தார்கள். குளிர்சாதனம் இல்லாத நாளில் வெயிற்காலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பது ஒரு காரணம். பனிக்காலத்தில் பண்ணையாட்களைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போட எந்த மிராசுதாருக்கும் மனம் வராது என்பது இன்னொரு காரணம் என்று நான் ஊகிக்கிறேன். செசோன் என்று பிரெஞ்சு பாஷையில் இதற்குப் பெயர். அன்று கூலியாட்களுக்குக் கொடுத்தது பலம் குறைந்த சரக்கு என்கிறார்கள். மத்தியான்ன வெயிலில் அரிவாள் பிடிக்கிறவனை மயக்குவதால் பண்ணைக்காரனுக்கு என்ன லாபம்?

அந்தப் பிரதேசத்தில் தூர்ப் என்று ஒரு சிற்றூர். அதில் 1844 முதல் பியர் காய்ச்சி வந்த ஒரு பண்ணை. இங்கேதான், மாமா, தங்கள் கவனத்தை விசேஷமாகக் கோருகிறேன். ஆல்பிரட் துபோன் என்ற ஒரு கனவானுக்கு லூயி என்று ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை கனடாவுக்குப் போய்ப் பயிர் செய்து பிழைக்கப்போவதாகப் பிடிவாதம் பிடித்தான். தகப்பனார் அழவில்லை, ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, பெண் பார்த்துக் கால்கட்டுப் போட யத்தனிக்கவில்லை. 1920-இல் அந்தப் பண்ணையையும் பியர் காய்ச்சும் சாலையையும் முழுசாக விலைக்கு வாங்கிப் பையன் கையில் கொடுத்துவிட்டார். பையன் கப்பலேறவில்லை. அவன் தங்கியதால் தங்கியதுதான் இன்று உலகத்து ரசிகர்களெல்லாம் இந்த இனத்துக்கு உதாரணமாகக் காட்டும் செசோன் துபோன். நான் விசாவுக்கு விண்ணப்பம் போட்ட வருஷத்தில் நம் குடும்பத்தார் எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு கம்பளிச் சட்டையும் இரண்டு டப்பா வற்றலும்தான் என்பதை நான் புகாராகச் சொல்லவில்லை. சரித்திரத்தின் ஒப்புமைக்காகச் சொல்கிறேன். அந்தப் பண்ணை லூயிக்குப் பிறகு யாருக்குப் போயிற்று தெரியுமோ? மருமானுக்கு. இந்தச் சங்கதியை உலகத்து மாமாக்கள் அனைவரும் கவனிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அந்தப் பியர்ச் சாலையில் இன்னொரு விசேஷம். பியர் காய்ச்சுகிறவர்கள் சாதாரணமாக ஈஸ்டை வெயில் படாத குழந்தைபோல் பதினெட்டு, இருபது டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் வைத்துக் காப்பாற்றுவார்கள். சூடு ஏறினால் வேண்டாத நாற்றங்கள் புகுந்துவிடும். துபோன் வீட்டு ஈஸ்டோ முப்பது டிகிரிக்கு மேல் ஏறவிட்டால்தான் உற்சாகமாக வேலை செய்யும். குளிர்ந்தால் பாதியில் படுத்துவிடும். சித்திரை மாதத்துக் கும்பகோணத்தில் அவதரித்திருக்க வேண்டிய ஜீவன், ஏதோ பூர்வஜன்ம வினையால் பெல்ஜியத்தில் பிறந்துவிட்டது. தொட்டியில் புளித்து முடிந்ததும் சீசாவில் அடைத்து, அதற்குள்ளும் பல வாரங்கள் புளிக்கவிட்டுப் பிறகே வெளியே அனுப்புகிறார்கள். அடியில் தங்கும் வண்டல் அதன் அடையாளம்.

சொந்த ஊரில் இதற்கு வெகுகாலம் பெரிய மதிப்பு ஒன்றும் இருந்ததில்லை. அங்கேயும் ஜனங்கள் விரும்பியது குளிர்ந்த மஞ்சள் திரவத்தையே. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பியர் விமர்சகர் (ஆடிப் பாடினவர் வேறு) எழுதியெழுதிப் புகழ்ந்து, அமெரிக்க வியாபாரிகள் வரவழைத்து விற்று, இங்கே நாலு பேர் வாயைப் பிளந்த பிறகுதான் அதற்குக் கௌரவம் வந்தது. இந்தக் கதை நமக்குப் புதிதல்ல என்பதால் இதில் அதிகம் நிற்கவில்லை.

திண்ணையில் நான் குடித்தது துபோன் அல்ல. அதைக் குருவாகக் கொண்ட எங்கள் ஊர்ச் சிஷ்யன். 1989-இல் இங்கே ஆரம்பித்த புல்வார்ட் என்ற பியர் காய்ச்சும் சாலையில் ஏழாம் எண்ணுள்ள தொட்டி ஒன்று எப்போதும் கோளாறு செய்துகொண்டே இருந்ததாம். பண்ணை பியர் செய்ய அவர்கள் பல தடவை முயன்று, மனத்துக்குப் பிடித்த முதல் பாகம் அந்த அடங்காப்பிடாரித் தொட்டியிலேயே அமைந்துவிட்டதால், பியருக்கும் ஏழாம் தொட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது அங்கே தலைமை வகித்துக் காய்ச்சியவர் ஸ்டீவன் பவல்ஸ் என்ற பெல்ஜியக்காரர். கனடாவுக்குப் போகாத லூயி பெல்ஜியத்துப் பியரைக் காப்பாற்றினான். அமெரிக்காவுக்கு வந்த ஸ்டீவன் கான்சாஸ் நகரத்துக்கு அதன் பிள்ளையைப் பெற்றுத் தந்தார். 2013-இல் டூவெல் மூர்ட்காட் என்ற பெல்ஜியக் கம்பெனி புல்வார்டையே விலைக்கு வாங்கிவிட்டதையும் சேர்த்துப் பார்த்தால், இதில் யார் யாருக்கு அக்கரை என்று சொல்வது கஷ்டம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் என் ஓட்டு குருவுக்குத்தான். துபோன் ஆறரை சதவிகிதம். ஏழாம் தொட்டியோ எட்டரை. அமெரிக்காவில் எதுவும் ஒரு சுற்றுப் பெருத்துவிடுகிறது, நானும் பெருத்திருக்கிறேன். பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவில் அமெரிக்க ரகத்தைத் தாராளமாகச் சேர்ப்பதால் பம்ளிமாஸ் மணம் முன்னுக்கு வந்து கச்சேரி செய்கிறது. துபோனில் எல்லா வாசனைகளும் ஒன்றையொன்று தள்ளாமல் பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் துபோன் வரும் பச்சைச் சீசாவில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் அடிக்கும். கடைக்காரன் ஜன்னலோரம் வைத்திருந்த சீசாவை வாங்குவது வீண் செலவு. எப்படியானாலும் நான் குடிப்பது அரைக் கிண்ணம். மீதி அரையைப் பெரியவரே ஏற்றுக்கொள்கிறார். தங்கள் மருமாள் ஒருதரம் முகர்ந்து பார்த்து, "ரசத்துக்குப் புளி போட மறந்துட்டாளா?" என்று கேட்டதோடு அவளுடைய ஆராய்ச்சி முடிந்தது.

ஒரு முக்கியமான சமாசாரம். அந்தப் பெரியவர் தை மாதத்தில் தஞ்சாவூர்க் கோவில்களைப் பார்க்க வருகிறார். நம் வீட்டில் ஒரு வேளை காபி சாப்பிடாமல் கும்பகோணத்தைத் தாண்டக் கூடாது என்று நான் கட்டாயப்படுத்தியிருக்கிறேன். தயவுசெய்து பீபரி கொட்டையை அன்றைக்கே வறுத்து வைக்கச் சொல்லவும். அவர் டவராவைக் கையில் வாங்கியதும் குடிக்க மாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், நுரை அடங்கும்வரை காத்திருப்பார், மூக்கை உள்ளே விட்டு வெகுநேரம் முகர்வார். காபியில் எறும்பு கிடக்கிறதோ என்று மாமி பதறிப்போய் டவராவைப் பிடுங்கிவிடாமல் தாங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள மருமான்