பேஸ் எங்கே போச்சு, மாமா?

வீட்டு ஸ்டீரியோவில் பேஸ் குறைந்தால் நம் ஊரில் வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் பெரிதாக ஒன்று வாங்குவது. இருப்பதை யாரும் சோதிப்பதில்லை, இல்லாததைத் தேடித்தான் கடைக்கு ஓடுகிறார்கள். கீழே பேசுகிற இருவரில் மருமகன் ஐ.டி. கம்பெனிக்காரர், தாய்மாமன் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் மைக்செட் கட்டுகிறவர். ஒருவர் கையில் கிரெடிட் கார்டு, மற்றவர் கையில் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய ஒன்றரை வோல்ட் பேட்டரி.

மருமகன்: வாங்க மாமா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. செட்டு புத்தம் புதுசு, பெட்டி மேலேயே 5,000 வாட்ஸ்னு போட்டிருக்கு. ஆனா மிருதங்கம் வாசிச்சா வலந்தலை மட்டும்தான் கேக்குது, தொப்பி எங்க போச்சுன்னே தெரியல. கடைக்காரர் பார்த்துட்டு, பெரிய ஆம்ப் ஒண்ணு, 12 இஞ்ச் சப்ஊஃபர் ஒண்ணு, தங்கமுலாம் பூசின வயர் ஒரு கட்டு, மூணும் எடுத்தா சரியாயிடும்னாரு. இ.எம்.ஐ. கூடப் பேசி முடிச்சாச்சு.

மாமா: இ.எம்.ஐ.க்கு முன்னாடி அந்த ஆம்ப்பைத் திருப்பிப் பின்பக்கத்துச் சீட்டைப் படி. கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு போட்டிருக்கு? 60 வாட்ஸ். பிளக்குல 60 இழுத்து ஸ்பீக்கர்ல 5,000 தர்ற மிஷின் இருந்தா, மின்வாரியமே உன் வீட்டுக்கு வந்து கால்ல விழும். அந்த 5,000 மாதிரி, பி.எம்.பி.ஓ.ன்னு போடுற கணக்குக்கு ஊருக்கு ஊர் ஒத்துக்கிட்ட அளவுகோல் எதுவும் கிடையாது. அச்சடிக்கிறவன் மனசுதான் அளவுகோல். அது கிடக்கட்டும். பேஸ் குறைஞ்சா ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, அது பிறக்கவே இல்ல. இல்லாட்டி, பிறந்ததை ஏதோ ஒண்ணு கழிச்சிடுது. பிறக்காததுக்குத்தான் காசு செலவழிக்கணும். கழிஞ்சு போறதுக்குக் காரணத்தைக் கண்டுபிடிச்சா போதும். நீ ரெண்டாவதைப் பார்க்காமலே முதலாவதுக்கு மூணு பொருள் வாங்கப் போற.

மருமகன்: பேஸை யாரு மாமா கழிக்கப் போறா? பாக்ஸ் ரெண்டும் ஒழுங்காப் பாடுதே.

மாமா: தனித்தனியா ஒழுங்காத்தான் பாடும். சேர்ந்து பாடுறப்பதான் வம்பு. ரெண்டு பாக்ஸும் ஒரே நேரத்துல காத்தை முன்னாடி தள்ளணும். ஒண்ணுல சிவப்பும் கறுப்பும் மாறிட்டா, இது தள்ளும்போது அது உள்ள இழுக்கும். மேல்சுரத்தோட அலை சில இஞ்ச்தான். அது அங்கங்க கூடும், அங்கங்க கழியும், காது பெரிசா எடுத்துக்காது. ஆனா 50 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 7 மீட்டர், அதாவது 23 அடி. உன் பாக்ஸுங்களுக்கு நடுவுல 6 அடி கூட இல்ல. அதனால அந்த அலை ரெண்டும் ஹால் முழுக்க ஒண்ணையொண்ணு தின்னுடும். ஆம்ப்பை அணைச்சுட்டு வயரைக் கழட்டு. பேட்டரி பிளஸ்ஸை ஆம்ப்புல சிவப்புல இருந்த வயர்லயும் மைனஸை மத்ததுலயும் ஒரு கணம் தொட்டுட்டு எடு. இடது ஊஃபர் கூம்பு வெளிய துள்ளுதா? சரி. வலது? உள்ள போகுது பாரு.

மருமகன்: டெக்னீஷியன் வந்து மாட்டினாரு மாமா! இன்ஸ்டலேஷன் சார்ஜ் தனியா வாங்கினாரு.

மாமா: சார்ஜ் வாங்கினதும் நிஜம், வயர் மாறினதும் நிஜம். ஒண்ணு இன்னொண்ணைத் தடுக்காது. மாத்தி மாட்டிட்டு, டிவியில அந்த ஆம்ப் மெனுவைத் திற. சப்ஊஃபர் உண்டுன்னு போட்டிருக்கு, ஸ்பீக்கர் "சின்னது"ன்னு இருக்கு, பிரிக்கிற இடம் 80 ஹெர்ட்ஸ். அப்படின்னா 80க்குக் கீழ வர்றதை ஆம்ப் உன் பாக்ஸுக்கு அனுப்பாம, வயரே சொருகாத சப்ஊஃபர் ஓட்டைக்கு அனுப்பிக்கிட்டிருக்கு. ஆளில்லாத வீட்டுக்குத் தினமும் தபால் போட்ட கதை. சப்ஊஃபர் இல்லைன்னு மாத்து. இப்ப போடு பாட்டை.

மருமகன்: அட, வந்துடுச்சே! ஆனா மாமா, வாசப்படிகிட்ட நின்னா நல்லா வருது, சோபாவுல உட்கார்ந்தா பாதியாயிடுது. இது வயர் தரக்குறைவுதானே? தங்கமுலாம்...

மாமா: தங்கம் காதுல போட்டுக்க. வயர் காரணம்னா வாசப்படியிலும் குறையணும். இடம் மாறினா பேஸ் மாறுதுன்னா, குற்றவாளி ஹால். இந்த ஹால் நீளம் 13 அடி. அந்த நீளத்துக்கு அரை அலை பொருந்துற சுரம் ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸ். அது ரெண்டு ஓரச் சுவர்கிட்டயும் பலமா நிக்கும், சரி நடுவுல செத்துடும். பேஸ் கிட்டாரோட அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அதுல அடுத்த சுரமே 44. நீ சோபாவைப் போட்டிருக்கிறது சரியா நடுவுல. பாக்ஸும் சும்மா இல்ல. அதுக்குப் பின்னால சுவர் 1 மீட்டர் தள்ளி இருக்கு. பின்பக்கம் போன சத்தம் சுவர்ல பட்டுத் திரும்ப 2 மீட்டர் ஆகுது. 86 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 4 மீட்டர். பாதி அலை தாமதமா வர்ற எதிரொலி, நேரா போறதை எதிர்த்து நிக்கும். பாக்ஸைச் சுவரோட ஒட்டித் தள்ளு, சோபாவைப் பின்சுவர் பக்கமா நகர்த்து.

மருமகன்: அது முடியாது மாமா. சோபா இடத்தை வாஸ்துக்காரர் குறிச்சுக் குடுத்தாரு. பேஸ் திருகாணியை முழுசா ஏத்திட்டா போகுது.

மாமா: வாஸ்துக்காரர் சொன்னா சோபாவும் நகரும், சுவரும் இடியும்; இயற்பியல் சொன்னா மட்டும் திருகாணி. சரி, திருப்பிப் பாரு. நேரா போறது எவ்வளவு ஏறுதோ, எதிர்த்து வர்றதும் அவ்வளவு ஏறும். செத்த இடம் செத்த இடமாவே இருக்கும். அதோட, 3 டெசிபெல் கூட்டவே வாட்ஸ் ரெட்டிப்பாகணும், 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு. கடைக்காரர் சொன்ன பெரிய ஆம்ப்பும் இதையேதான் செய்யும், கரண்ட் பில்லோட சேர்த்து.

மருமகன்: அப்ப சப்ஊஃபரே வேண்டாம்கிறீங்களா? உலகம் முழுக்க விக்கிறாங்களே, எல்லாரும் முட்டாளா?

மாமா: நல்ல கேள்வி. வேண்டாம்னு நான் சொல்லல. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்ச வாட்ஸ்ல பெரிய சத்தம்: இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும்னு ஹாஃப்மன்ங்கிறவர் பேர்ல ஒரு விதியே இருக்கு. 80 ஹெர்ட்ஸ்ல இருந்து 40க்கு இறங்கி அதே சத்தம் தரணும்னா, கூம்பு நாலு மடங்கு தூரம் ஆடணும். 4 இஞ்ச் ஊஃபர் அதுக்கு எங்க போகும்? அந்த மாதிரி செட்டுல பேஸ் பிறக்கவே இல்ல, சப்ஊஃபர் வாங்குறது நியாயம். பழைய பாக்ஸுல கூம்பைச் சுத்தி இருக்கிற ஃபோம் வளையம் பொடிஞ்சு போயிருந்தாலும் காசு செலவாகத்தான் செய்யும். ஆனா வாங்கின பிறகும் அதே ஹால்லதானே வைக்கப் போற? அதுக்கும் வழி இருக்கு. சப்ஊஃபரைத் தூக்கி சோபாவுல உட்கார வை. நீ சுவரோரமாத் தரையில தவழ்ந்து போ. எந்த இடத்துல பேஸ் நிறைவாக் கேக்குதோ, அங்க அதை இறக்கி வை. பேசுற இடத்தையும் கேக்குற இடத்தையும் மாத்திக்கிட்டாலும் அறை ஒரே பதிலைத்தான் சொல்லும்.

மருமகன்: 40,000 ரூபாய் சாமான் சோபாவுல, நான் தரையில! சரி மாமா, கடைசியா ஒண்ணு. ராத்திரி பாப்பா தூங்கினப்புறம் மெதுவா வச்சா திரும்பவும் பேஸ் காணோமே? அப்ப வயரும் மாறல, சோபாவும் நகரல.

மாமா: அது காதோட குணம். சத்தம் குறையக் குறைய, கீழ்சுரம் மத்ததை விட வேகமா மங்கும். 1933லேயே பெல் ஆய்வுக்கூடத்துல ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து கோடு போட்டுக் காட்டிட்டாங்க. அதுக்குத்தான் ஆம்ப்புல லவுட்னஸ்னு ஒரு பொத்தான். ராத்திரி அமுக்கு, பகல்ல எடு. பேஸ் திருகாணிக்கும் நியாயமான வேலை இதுதான்.

மருமகன்: மொத்தமா என்ன மாமா செலவு?

மாமா: ஒரு பேட்டரி, ஒரு அளவு டேப்பு, அரை நாள்.

மருமகன்: இவ்வளவு மலிவுன்னா நம்பிக்கை வர மாட்டேங்குதே மாமா.

மாமா: அந்த ஒரு விதியை மட்டும்தான்டா உன் கடைக்காரர் படிச்சிருக்காரு.