இரவல் பகை

கிரிக்கெட் உலகில் ஒரு நாட்டைப் பரம வைரியாகப் பாவிப்பதற்குச் சில யோக்கியதைகள் தேவைப்படுகின்றன. சொந்த நாட்டுக்கு ஓர் அணி இருந்தால் மட்டும் போதாது. அது தொலைக்காட்சியில் தலைகாட்டும் அளவுக்காவது கீர்த்தி பெற்றிருக்க வேண்டும். தோற்ற மறுநாள் துக்கம் விசாரிக்க நாலு பேராவது வர வேண்டும். ஒரு புறம் நெல்வயலும் மறு புறம் செம்பனையுமாக விரிந்து கிடக்கும் மலேசியாவின் தஞ்சோங் காராங்கில், பந்து என்றாலே கால்பந்துதான் என்று நிச்சயித்துவிட்ட ஜனங்களுக்கு மத்தியில் வாழும் என் போன்ற ரசிகனுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஆகவே பிற நாட்டார் பகைகளை இரவல் வாங்கி அனுபவித்து வருகிறேன். இதில் ஒரு சௌகரியம், வட்டி கிடையாது.

“இந்தியாவுக்காக இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறீரே, தம்பி, அந்த நாட்டில் உமக்கு என்ன பாத்தியதை?” என்று ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஐயா ஒரு நாள் ஒட்டுக்கடையில் வைத்துக் கேட்டார். அவர் யாழ்ப்பாண வம்சம். இலங்கை அணியின் பரம பக்தர். அவரும் இலங்கை மண்ணை மிதித்ததில்லை என்பது வேறு விஷயம். நான் உடனே லால் சிங்கைச் சாட்சிக்கு அழைத்தேன். 1909-இல் கோலாலம்பூரில் பிறந்து, 1932-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அந்தப் பதினொருவரில் ஒருவராக நின்று, முதல் நாள் காலையிலேயே ஃபிராங்க் வூலி என்னும் மகா சூரரை ரன் அவுட் செய்து, பிற்காலத்தில் கோலாலம்பூருக்கே திரும்பி, சிலாங்கூர் கிளப்பின் திடலைப் பராமரித்து, 1985-இல் இங்கேயே காலமானவர் அந்தச் சீக்கியர். ஆளையே அனுப்பிவைத்த தேசத்துக்குக் கூச்சலிடும் பாத்தியதைகூடவா இல்லாமற் போகும்? கிராணி ஐயா பதில் கூறவில்லை. தேநீரில் சீனி குறைவு என்று கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

வயதைக் கணக்கிட்டால் 1844-இல் நியூயார்க்கில் மோதிய அமெரிக்காவும் கனடாவுமே பகையாளிகளில் மூத்தவர்கள். ஆனால் அவ்விருவரும் பிற்பாடு கிரிக்கெட்டை மறந்து வேறு ஜோலிக்குப் போய்விட்டபடியால், மூத்த பிள்ளையின் ஸ்தானம் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸுக்குக் கிடைத்துவிட்டது. 1882-இல் ஓவலில் இங்கிலாந்து ஏழே ஓட்டங்களில் தோற்க, ஆங்கிலக் கிரிக்கெட் இறந்துவிட்டதென்றும் அதன் சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்படுமென்றும் ஒரு பத்திரிகை பரிகாசமாக மரண அறிவித்தல் வெளியிட, அடுத்து அங்கே சென்ற ஐவோ பிளை என்ற அணித் தலைவருக்கு மெல்பர்ன் சீமாட்டிகள் சிலர் அரைச்சாண் உயரச் சாம்பல் கலசமொன்றைப் பரிசளிக்க, அவர் அந்தச் சீமாட்டிகளில் ஒருவரையே விவாகமும் செய்துகொண்டார். கல்யாணத்தோடு சுபமாக முடிந்திருக்க வேண்டிய கதை. அஸ்தியைக் கடலிலோ ஆற்றிலோ கரைத்து, பதினாறாம் நாள் கருமாதியை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பும் நம்மவர்களுக்கு, அதை லார்ட்ஸில் பத்திரப்படுத்தி, ஆஸ்திரேலியா எத்தனை முறை ஜெயித்தாலும் நிரந்தரமாகக் கொடுப்பதற்கில்லை என்று சாதிக்கும் வைதிகம் லேசில் விளங்காது.

ஆஸ்திரேலியருக்கும் நியூஸிலாந்தினருக்கும் உள்ள மனத்தாங்கல் 1981-இல் மெல்பர்னில் முற்றியது. கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் அடித்தாலும் நியூஸிலாந்து சமன் செய்யத்தான் முடியும்; அதையும் பொறாத கிரெக் சாப்பல் தம் தம்பி டிரெவரை விட்டுப் பந்தைத் தரையில் உருட்டச் செய்தார். உலகமே தம்பியைப் பழிக்கிறது. தமையன் சொல் தட்டாத லக்ஷ்மணனைக் கொண்டாடுகிற நாமாவது அவரைச் சற்றுப் பரிவோடு பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தியா, பாகிஸ்தான் பங்காளிச் சண்டையின் உக்கிரத்தை நான் உணர்ந்தது 1998-இல். அவ்வாண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் கிரிக்கெட்டும் சேர்க்கப்பட்டு, நாங்கள் பால் வெட்டிப் பிழைத்த மரங்களை ஆராய்ந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் திடலில்கூட ஆட்டங்கள் நடந்தன. அதே சமயத்தில் டொரொன்டோவில் பாகிஸ்தானோடு மல்லுக்கட்டும் வாய்ப்பையும் விட மனமின்றி, இந்தியா தன் அணியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை இங்கேயும் மறு பாதியை அங்கேயும் அனுப்பியது. இங்கே பதக்கமில்லை, அங்கே நாலுக்கு ஒன்று என்று தோல்வி. அடுத்த ஜனவரியில் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தும் பன்னிரண்டு ஓட்டங்களில் இந்தியா தோற்க, சென்னை ஜனங்கள் எழுந்து நின்று பாகிஸ்தானியருக்குக் கரகோஷம் செய்தார்கள். எங்கள் தோட்டத்துக்குத் தவணையில் துணி விற்க வரும் பாகிஸ்தானியர், என் துக்கத்தை முன்னிட்டோ சென்னையின் பெருந்தன்மையை முன்னிட்டோ, அந்த மாதத் தவணையைக் கேட்கவேயில்லை. அதன் பிறகு இந்தியாவின் ஒவ்வொரு தோல்வியையும் நான் முற்றிலும் துக்கமாகக் கருதினேன் என்று சொல்வதற்கில்லை.

இரவல் பகையின் உச்சத்தை 2023 நவம்பர் 6 அன்று கண்டேன். டில்லியில் இலங்கையும் வங்காளதேசமும் ஆடிக்கொண்டிருந்தன. செம்பனைக் குலை அறுக்கும் வங்காளதேச இளைஞர்கள் ஒட்டுக்கடையின் ஒரு மேஜையில். கிராணி ஐயா தனி மேஜையில். ஆட வந்த இலங்கையின் ஆஞ்சலோ மாத்யூஸின் தலைக்கவச வார் அறுந்துபோக, இரண்டு நிமிஷக் கெடு கடந்துவிட்டதென்று வங்காளதேசத்தின் ஷகிப் முறையிட, சர்வதேச ஆட்டங்களில் அதுவரை எவருக்கும் நேராத விதத்தில், ஒரு பந்தையும் சந்திக்காமல் மாத்யூஸ் வெளியேற்றப்பட்டார். “இது அக்கிரமம்! இரண்டு நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடும்?” என்று கிராணி ஐயா எழுந்தே விட்டார். ஒரு காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் கடிகாரமும் செக்ரோல் புத்தகமுமாக நின்று, தாமதித்து வந்தவர்களுக்கு ஈவிரக்கமின்றி அரைநாள் போட்டவர் அவர். “சட்டம் சட்டந்தான், பாக்சிக்” என்று ஓர் இளைஞன் மலாயில் பணிவோடு சொன்னான். மூலையில் அமர்ந்திருந்த பழைய பால்மரத் தொழிலாளி, கிரிக்கெட்டின் வாசனையே அறியாதவர், மெல்லத் திரும்பி, “என்ன கிராணியாரே, அரைநாள் போட்டுட்டாங்களா?” என்றார்.

சொந்தப் பகை என்று சொல்லிக்கொள்ள 1970-இல் சிங்கப்பூரோடு ஆடத் தொடங்கிய சௌடாரா கோப்பை ஒன்று நமக்கும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதுதான் அரிது. 2023 ஜூலையில் பாயுமாஸ் திடலில் நம் சியாஸ்ருல் இட்ருஸ் எட்டே ஓட்டங்கள் கொடுத்து, சீன அணியினர் எழுவரின் ஸ்டம்புகளைப் பெயர்த்தார். ஆடவர் இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களில் அதற்குமுன் ஏழு விக்கெட் எடுத்தவர் எவருமில்லை. சீனா 23 ஓட்டங்களில் சுருண்டது. வெற்றிக் களிப்பைக் காட்ட ஓர் எதிரி வேண்டுமே என்று இரும்புக் கடைச் சீனத் தவுக்கேயிடம் போய், மலேசியா சீனாவைத் தோற்கடித்துவிட்டது என்றேன். அவர் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டுக் கையைக் குலுக்கி, “எத்தனை கோல்?” என்று கேட்டார்.

“ஏழு” என்றேன்.

“அவர்களுடைய கோல் கீப்பர் சரியில்லை” என்றார் தவுக்கே.