வேன் திணை: ஓர் ஆராய்ச்சி

கனடாவில் வீட்டுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டிக்கொண்டு போய் ஊர் பார்க்கிறார்கள். ஆர்.வி. என்பது அதன் பெயர். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் பின்னால். கணவன், மனைவி, நாய் முன்னால். அங்கே டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் நீளம் என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த வண்டியைப் பற்றி வழிகாட்டி நூல்கள் ஏராளம். விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்துப் பரளச்சியிலிருந்து கிளம்பும் டூரிஸ்ட் வேனைப் பற்றியோ ஒரு முனைவர் பட்டம்கூட வழங்கப்பட்டதாகத் தெரியவில்லை. அக்குறை இனி நீங்கும். நம் கருதுகோள் இது: கனடாக்காரர் வீட்டை ஏற்றிக்கொண்டு போகிறார், பரளச்சிக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை ஏற்றிக்கொண்டு போகிறார்.

முதல், கரு, உரி என்று பிரிக்காத ஆய்வைத் தமிழ்த்துறையில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே பிரிப்போம்.

முதற்பொருள், நிலமும் பொழுதும். நிலம், கரிசல். பொழுது, முண்டு மிளகாய் களத்தில் காய்ந்து, மண்டியில் எடை போட்டு, கைக்குப் பணம் வந்த பிறகு. இதிலிருந்து ‘மிளகாய்த் தூர விதி’யை வகுக்கலாம். வற்றல் விலை இறங்கிய ஆண்டில் வேன் திருச்செந்தூரோடு திரும்பும். நடுத்தர விலைக்குக் கன்னியாகுமரி. விலை ஏறினால் மைசூர். வியாபாரி எடையில் கை வைத்த ஆண்டில் உள்ளூர்க் கோயிலில் பொங்கல் வைத்து முடித்துக்கொள்வார்கள்.

கருப்பொருளில் தெய்வம், டிரைவரின் முன்கண்ணாடி ஓரத்தில் நிற்பது. பறை, ஸ்பீக்கர், பக்திப் பாட்டில் தொடங்கி அருப்புக்கோட்டை தாண்டுமுன் சினிமாப் பாட்டுக்கு மாறிவிடும். உணவு, முதல் நாள் புளிச்சோறு, மறுநாளும் புளிச்சோறு. மேலே கேரியரில் அண்டா, சருவச்சட்டி, பாய்க்கட்டு, பச்சைக் குடம். மக்கள்தொகை பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மேக்சி கேப் என்பது டிரைவர் நீங்கலாக 6 பேருக்கு மேல், 12 பேருக்கு மிகாமல் ஏற்றும் வண்டி. மடியில் இருப்பவர்கள், மடியில் இருப்பவர்களின் மடியில் இருப்பவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று சட்டத்தை இயற்றியவர்கள் யோசிக்கவில்லை.

பாய்க்கட்டுக்கு அடியில் படுத்திருக்கும் கேஸ் சிலிண்டரைப் பற்றி மட்டும் கேலி வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று, அனுமதியில்லாமல் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். கனடாவில், மாண்ட்ரியலின் சுரங்கச் சாலைகளில் எரிவாயு வைத்திருக்கும் ஆர்.வி.களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பிடிவாதமான நாடு, ஆனால் சரியான பிடிவாதம்.

உரிப்பொருள், இறங்கலும் இறங்கல் நிமித்தமும். கனடா வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று. நிரம்பினால் அதற்கென்று உள்ள இடம் தேடிப் போய் வடிக்க வேண்டும். நம்மவர்களுக்குச் சீமைக்கருவேலங்காடு கண்ணில் பட்டால் போதும், “ஏப்பா டிரைவரு, செத்த நிப்பாட்டு” என்று ஒரு குரல் எழும். ஒருவர் இறங்கினால் பதினைந்து பேர் இறங்குவார்கள். “நான் வரல” என்று அழுத்திச் சொன்னவர், வண்டி கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தச் சொல்வார்.

நகரத்தின் முன்னால் இரண்டு வண்டியும் ஒன்றுதான். பழைய கியூபெக்கின் குறுகிய தெருக்களுக்குள் பெரிய ஆர்.வி. புகமுடியாது, மதுரையில் சித்திரை வீதிகளுக்குள் வேன் போகமுடியாது. எங்கோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நடந்தால் எண்ண வேண்டும். மீனாட்சியைத் தரிசித்த நேரத்தைவிட, “சின்னாத்தாளக் காணோமே, மதினி கூட வந்துச்சா?” என்று தலை எண்ணிய நேரம் அதிகம். 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்க மீதி நேரம் போதாது. தூண்கள் பெரியவை என்ற ஒருமித்த முடிவோடு சபை வெளியேறும்.

ஆனால் ஊர் பார்ப்பதுதான் நோக்கம் என்று எண்ணினால் தரவு இடிக்கிறது. வேன் நிற்கும் இடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: குற்றாலம், வைகை அணை, திருச்செந்தூர்க் கடல், ராமேசுவரத்தின் 22 தீர்த்தம், கல்லணை. எல்லாமே தண்ணீர். சாமி கும்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு கரிசல்காட்டார் தண்ணீர் பார்க்கப் போகிறார்கள். வைகை அணையில் பூங்காவையும் பொம்மைகளையும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் பெரியவர்கள் கரையில் போய் நிற்பார்கள். 1959இல் திறந்த அணை; முழு நீர்மட்டம் 71 அடி. “இப்ப எத்தன அடி மாமா நிக்கும்?” என்று ஒருவர் கேட்க, மூன்று பேர் மூன்று அடி சொல்வார்கள். அந்தத் தண்ணீர் அவர்கள் வயலுக்கு வராது. அது விவாதத்தின் சூட்டைக் குறைப்பதில்லை.

காவிரியைத் திருச்சுழிப் பக்கத்துக் குண்டாற்றோடு இணைக்க 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். ஏறத்தாழ 262 கிலோமீட்டர் கால்வாய். அது வந்து சேரும்வரை குண்டாற்றுப் பக்கத்துக்காரர்கள் வேன் பிடித்துக் காவிரிக்குப் போய்வருகிறார்கள். செலவு அவர்களுடையது.

இந்தத் தண்ணீர் அளவுகோலில் கனடா எங்கே நிற்கிறது? அங்கே ஆர்.வி.காரர்கள் தவறாமல் போகும் நகரம் நயாகரா ஃபால்ஸ். குதிரைலாட அருவி ஏறத்தாழ 57 மீட்டர் உயரம், தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் அடியில் நின்று தலையைக் கொடுக்க முடியாது. எண்ணெய் தேய்த்துவிட ஆள் இல்லை. படகில் ஏற்றி, நனையாமலிருக்க மழைக்கோட்டும் கொடுக்கிறார்கள். அருவிக்குப் போய் நனையாமல் திரும்புவதற்கு ஒரு கோட்டு! “இதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம் வந்தாகளாம்?” என்ற அப்பத்தாக்களின் வினாவுக்குக் கனடா நூல்களில் விடை கிடைக்கவில்லை. நேரில் சென்று ஆராய வேண்டும். வற்றல் விலை உயரும் ஆண்டுக்கு அந்தக் கள ஆய்வு தள்ளிவைக்கப்படுகிறது.