அன்று 85 ஹெர்ட்ஸ், இன்று 240

2000-களின் தொடக்கத்தில் சென்னை பிரவுசிங் சென்டர்களில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு இடம்பிடிப்பதில் ஒரு கணக்கு உண்டு. ஏசிக்குக் கீழே இருக்கும் மேசைக்கு யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல மானிட்டர் இருக்கும் மேசைக்குத்தான் போட்டி. நல்லது என்றால் பெரியது அல்ல, வேகமானது. விஷயம் தெரிந்த அண்ணன் ஒருவர் அந்த 17 அங்குல டப்பா மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ரெசல்யூஷனைக் குறைப்பார். 1024×768-ஐ 800×600 ஆக்கி, ரெஃப்ரெஷ் ரேட்டை 100 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுவார். "படம் அழகா இருந்து என்னடா பண்ண, எதிராளி தெரியணும்ல" என்பார்.

அந்த டப்பாவின் படக்குழாய்க்குள் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடும். வினாடிக்கு எத்தனை வரி ஓட முடியும் என்பதற்கு ஒவ்வொரு மானிட்டருக்கும் ஓர் உச்சவரம்பு இருந்தது. வீட்டு மானிட்டர்கள் பலவற்றில் அது 70 ஆயிரம். 768 வரிகள் கொண்ட படத்தை வினாடிக்கு 85 முறை வரைந்தால், கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தையும் சேர்த்து, கிட்டத்தட்ட அந்த எல்லையைத் தொட்டுவிடும். கூர்மை வேண்டுமென்று 1280×1024-க்குப் போனால் 60-ஐ ஒட்டித்தான் நிற்க வேண்டும். வரிகளைக் குறைத்தால் 100 கிடைக்கும். கூர்மையா, வேகமா என்ற பேரம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

வீடுகளில் இந்தப் பேச்சே இல்லை. விண்டோஸ் கொடுத்த 60 ஹெர்ட்ஸிலேயே பலர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, கண் வலிக்கிறது என்றார்கள். அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் போய் 85 என்று மாற்றினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், திரை ஒரு நொடி கறுக்கும், பிறகு ஓரக்கண்ணில் தெரிந்த அந்தத் துடிப்பு போயிருக்கும்.

பிறகு எல்.சி.டி. வந்தது. மேசையில் பாதி இடம் மிச்சம், மின்சாரம் குறைவு, தூக்குவதற்கு இரண்டு ஆள் தேவையில்லை. ரிச்சி தெருவில் பழைய டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. நல்ல படக்குழாய்களும் எடைக்குப் போயின. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. வந்த தட்டைத் திரைகள் அநேகமாக எல்லாமே 60 ஹெர்ட்ஸ். துடிப்பு இல்லை, உண்மைதான். ஆனால் விளையாட்டில் சட்டென்று திரும்பினால் சுவரில் இருக்கும் எழுத்து இழுபட்டுப் போயிற்று.

காரணம் பிக்சல் மெதுவாக மாறியது மட்டுமல்ல. படக்குழாயில் ஓரிடம் ஒளிர்ந்து ஒரு மில்லிசெகண்ட் அளவில் மங்கிவிடும், அடுத்த படம் வரும்வரை அங்கே இருட்டு. எல்.சி.டி.யில் ஒரு படம் அடுத்தது வரும்வரை அப்படியே நிற்கும். 60 ஹெர்ட்ஸில் அது 16.7 மில்லிசெகண்ட். நம் கண்ணோ நகரும் பொருளைத் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. வினாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஒரு பொருள் போனால், கண்ணுக்கு அது 16 பிக்சல் அகலத்துக்குத் தீற்றலாகத் தெரியும். 240 ஹெர்ட்ஸில் அது 4 பிக்சலாகக் குறையும். பழைய டப்பாவின் தெளிவை இந்த முறையிலேயே எட்ட வேண்டுமென்றால் 1000 ஹெர்ட்ஸ் அளவுக்குப் போக வேண்டும். நாம் எடைக்குப் போட்டதை இப்போது ஹெர்ட்ஸ் ஹெர்ட்ஸாக விலைகொடுத்து மீட்டுக்கொண்டிருக்கிறோம்.

மீட்பு தொடங்கியது 2009 வாக்கில். முப்பரிமாணக் கண்ணாடிக்காக 120 ஹெர்ட்ஸ் எல்.சி.டி.கள் வந்தன. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. 2013-இல் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு படத்தை முடிக்கும்போது மானிட்டரும் அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏ.எம்.டி. தன் பங்குக்கு ஃப்ரீசிங்க் கொண்டுவந்தது. 2019-இல் என்விடியாவும் அந்த வகை மானிட்டர்களுக்கு வழிவிட்டது. சாதாரண விலை மானிட்டரிலும் இன்று இந்த வசதி இருக்கிறதென்றால் அதற்கு இந்த இழுபறிதான் காரணம். 4கே, 144 ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்துத் தந்த முதல் மானிட்டர்கள் 2018-இல் வந்தபோது டிஸ்ப்ளே போர்ட் 1.4 கேபிளால் அவ்வளவையும் சுமக்க முடியவில்லை. 120-க்கு மேலே போனால் வண்ணத் தகவலைக் குறைக்க வேண்டியிருந்தது. வரிக்கணக்கு போய்க் கேபிள் கணக்கு வந்தது, அவ்வளவுதான்.

சமீபத்தில் அக்கா மகன் கேட்டான்: "மாமா, அதே பட்ஜெட்ல 4கே எடுத்தா 160 ஹெர்ட்ஸ் வருது, 1440பி எடுத்தா 240 வருது. எது எடுக்கட்டும்?"

"என்ன ஆடுற?"

"வலோரன்ட்தான். அப்பப்ப எல்டன் ரிங்."

பதில் அதிலேயே இருந்தது. எல்டன் ரிங் கணினியில் 60 ஃபிரேமைத் தாண்டாது. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலும் அதே 60தான். அந்த மாதிரி விளையாட்டே பிரதானம் என்றால் 4கே எடு என்று சொல்லியிருப்பேன், அந்தக் காடும் கோட்டையும் அதற்குத் தகுதியானவை. ஆனால் அவன் அதிகம் ஆடுவது வேகம் கேட்கும் வலோரன்ட். மேலும் 4கே படத்தில் சுமார் 83 லட்சம் பிக்சல், 1440பி-யில் சுமார் 37 லட்சம். கார்டு இரண்டேகால் மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும். அவனிடம் இருப்பது நடுத்தரக் கார்டு. 27 அங்குலத்தில் 1440பி என்றால் ஓர் அங்குலத்துக்கு 109 பிக்சல். கை நீட்டும் தூரத்தில் எழுத்து நன்றாகவே இருக்கும். அதே அளவில் 1080பி வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், 82 பிக்சலில் எழுத்து படிபடியாகத் தெரியும்.

கடையில் வைத்திருந்த மானிட்டரில் மெதுவாக நகரும் பூக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் எந்த மானிட்டரும் அழகுதான். நோட்பேடைத் திறந்து பெரிய எழுத்தில் நாலு வரி அடித்து, அந்த ஜன்னலைப் பிடித்து வட்டமாகச் சுற்றியபடியே படிக்கச் சொன்னேன். "கலங்குது மாமா" என்றான். செட்டிங்ஸில் பார்த்தால் 60-இல் நிற்கிறது. 240 ஆக்கிச் சுற்றியதும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். பிறகு 144-இல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 60-இலிருந்து 144-க்கு வரும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் மிச்சம். 144-இலிருந்து 240-க்கு 3 மில்லிசெகண்ட்கூட இல்லை. பணம் பற்றாதவர்கள் 144-இலோ 180-இலோ நிம்மதியாக நிற்கலாம்.

ஓலெட் திரை மேலும் அவனுக்கு ஒரு கண். பிக்சல் மாறும் வேகத்தில் எல்.சி.டி. அதன் பக்கத்திலேயே வர முடியாது, கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆனால் பகல் முழுக்க அதே திரையில் புரோகிராம் எழுதுகிறவன் அவன். அசையாத டாஸ்க்பார் ஓலெட்டில் நாளடைவில் தழும்பாகப் பதியலாம். அதனால் எல்.சி.டி.யில் ஐ.பி.எஸ். வகையிலேயே 1440பி, 240 ஹெர்ட்ஸ் எடுத்தோம். பெட்டியில் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்தோம், இருந்தது. ஓலெட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டிய மீதிப் பணத்தை அடுத்த கார்டுக்கென்று எடுத்துவைத்திருக்கிறான்.