வக்கீல்தான் கொன்னார்!

எங்கள் சித்தப்பாவுக்கு மர்ம நாவல் என்றால் உயிர். படித்து முடித்த கையோடு அதை யாருக்காவது சிபாரிசு செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாத நாவலை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்:

"படிடா, பிரமாதமான கதை. அந்த வக்கீல்தான் கொன்னாருன்னு கடைசி பக்கம் வரைக்கும் உன்னால கண்டுபிடிக்கவே முடியாது!"

பதினோராம் பக்கத்தில் வக்கீல் உள்ளே வந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று பவ்வியமாகக் கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. துப்பறியும் நிபுணரோ தோட்டக்காரனை விசாரிக்கிறார், மைத்துனரை விசாரிக்கிறார், பால்காரரைக்கூட விடவில்லை. வக்கீலிடம் மட்டும் சட்ட ஆலோசனை கேட்கிறார். அந்த நூறு பக்கமும் நான் பட்ட பாடு, செத்துப்போனவர்கூடப் பட்டிருக்க மாட்டார்.

லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1952-ல் மேடையேறியது. கொரோனா காலத்தில் நிறுத்தியதைக் கழித்துவிட்டால், அன்றிலிருந்து தொடர்ந்து நடக்கிறது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, 'கொலைகாரர் யார் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்' என்று ஜனங்களைக் கேட்டுக்கொள்வாராம். எழுபது வருஷமாக இதுவே வழக்கம். எங்கள் சித்தப்பா அந்த நாடகத்துக்குப் போயிருந்தால், வாசலில் நிற்கும் டிக்கெட் வரிசையிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

சித்தப்பாவிடமிருந்து தப்பிக்க வாடகை நூலகத்தில் சேர்ந்தேன். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று எல்லோரும் அங்கே காலிக்கோ பைண்டிங்கில் காத்திருந்தார்கள். சங்கர்லால் குடிக்கிற தேநீரைப் பார்த்து நானும் வீட்டில் டீ கேட்க ஆரம்பித்ததில், அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. ஆனால் அந்த நூலகத்தில் முகம் தெரியாத ஒரு சித்தப்பா எனக்கு முன்பே உறுப்பினராக இருந்திருக்கிறார். கதையில் ஒரு பாத்திரம் முதல்முறை தலைகாட்டும் இடத்தில், பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'இவன்தான்' என்று எழுதிவைத்திருப்பார். அவர் எழுதாத புத்தகங்களில் கடைசி நாலு பக்கம் இருக்காது. எது மேல் என்று எனக்கு இன்றுவரை முடிவு செய்யத் தெரியவில்லை.

வேலைக்கு வந்த பிறகு வேறு ரக ஆட்கள் வாய்த்தார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் கண்ணியமானவர். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு சார். என்னன்னு நான் சொல்லவே மாட்டேன்" என்பார். அவ்வளவு போதும், என் நிம்மதி போய்விடும். செத்தவன் உண்மையில் சாகவில்லையோ, போலீஸ்காரர் போலியோ, கதை சொல்கிறவனே களவாணியோ என்று வரிக்கு வரி சந்தேகம். கடைசியில் ட்விஸ்ட் வரும்போது, 'ப்பூ, இவ்வளவுதானா' என்று இருக்கும். நான் அதைவிட நல்லதாக ஏழு யோசித்து வைத்திருப்பேன்.

உருப்படியாகச் சிபாரிசு செய்தது என் மனைவி ஒருத்திதான். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை எடுத்துக் கொடுத்து, "பகல்ல படிங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் பெரிய தைரியசாலி என்பதால் ராத்திரி பதினொன்றரைக்குப் படித்தேன். தூக்கம் வராத ஓர் எழுத்தாளன். வீட்டில் வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண். எங்கிருந்தோ வரும் ஒரு வாடை. முடித்துவிட்டு விளக்கை அணைத்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு வாடை வந்தது. மனைவியை எழுப்பினேன்.

"கீழ் வீட்டுல கருவாடு வறுக்கிறாங்க. படுங்க."

"ராத்திரி பன்னிரண்டு மணிக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளும் தூங்கவில்லை.

அந்தக் கதையை அப்புறம் நாலைந்து முறை படித்துவிட்டேன். என்ன நடக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் விளக்கை அணைக்கக் கை வருவதில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வக்கீல் கதையில் இருந்தது ஒரே ஒரு ரகசியம். சித்தப்பா அதை எடுத்துவிட்டார், கதை காலி. காஞ்சனையிலிருந்து எடுக்க எந்தச் சித்தப்பாவாலும் முடியாது. அந்தப் பெண் யார் என்று கேட்டால், கதையை முழுக்கப் படித்தவனும் விழிப்பான்.

இப்படித் தொந்தரவு செய்யும் கதைகளுக்கு நல்ல பெயர் உடனே கிடைப்பதில்லை. ஷெர்லி ஜாக்ஸன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'தி லாட்டரி' 1948 ஜூனில் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் வந்தது. ஒரு கிராமம், ஒரு குலுக்கல், அவ்வளவுதான் கதை. மேற்கொண்டு சொன்னால் நானும் சித்தப்பா ஆகிவிடுவேன். அந்தக் கோடையில் அவருக்கு முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்தன. அன்பாக எழுதியவர்கள் பதின்மூன்று பேர். அவர்களிலும் பெரும்பாலோர் நண்பர்கள். பெற்ற தாயே 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதிவிட்டார். இன்னும் சிலர், இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் வந்து பார்க்கலாமா என்று விசாரித்திருந்தார்கள். கதையைப் படித்துவிட்டு அந்தக் கேள்வியை யோசித்துப் பாருங்கள். என்னைக் கதையைவிட அதுதான் அதிகம் நடுங்க வைத்தது.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது வயது. காஞ்சனையை அவரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே போன் செய்தார். "டேய், அந்தப் பொம்பளை யாருடா?" என்றார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷக் கடன் தீர்ந்தது.

ஆகவே, வாசகர்களே, நடுங்க வைக்கும் கதை ஏதாவது நீங்கள் படித்திருந்தால் எனக்குக் கட்டாயம் சொல்லுங்கள். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், பகலில் படிப்பதா இரவில் படிப்பதா என்ற மூன்று விவரம் போதும். வக்கீலைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன்.