பழைய செட்டும் குறை இடம்பெயர்தலும்: ஓர் ஆய்வு

காரோடு கம்பெனி கொடுத்த பாட்டு செட்டைக் கழற்றிவிட்டு, அதைவிட உசத்தியான பழைய செட் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. முனைவர் பட்ட ஆய்வுகள் இதன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அக்குறையைப் போக்கும் பொருட்டே இக்கட்டுரை. புதிதாக ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் வாங்கி மாட்டுவோர் இதன் வரம்புக்குள் வாரார். அவர்கள் பாட்டுக் கேட்பவர்கள் அல்லர், ரிவர்ஸ் கேமரா பார்ப்பவர்கள்.

இத்துறையின் மூலபாடம் டாஷ்போர்டில் உள்ள துளை. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்று பெயரிட்டுக் கார் ரேடியோ விற்கத் தொடங்கியபோது துளைக்குப் பொது அளவு என்று ஒன்றும் கிடையாது. பின்னாளில் ஜெர்மானியர் டின் 75490 என்ற தரத்தை வகுத்து, செட்டின் முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று முடிவுகட்டினர். 1984இல் அதுவே ஐஎஸ்ஓ 7736 என்று உலகத்தரமானது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தைக்கு வழி திறந்தது அந்த ஆண்டுதான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. பென்ஸில் இருந்து கழற்றியதை ஆல்டோவில் சொருகலாம் என்ற சமத்துவத்தை வேறெந்த உதிரிபாகமும் நமக்கு அளித்ததில்லை.

அண்ணா சாலைக்கு அந்தப்பக்கம் புதுப்பேட்டை, இந்தப்பக்கம் ஜி.பி. ரோடு. முன்னது செட்டுக்கு, பின்னது வயருக்கும் ஃபிரேமுக்கும். புதுப்பேட்டைக் கடையின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய பேட்டரி, இரண்டு முதலைக் கிளிப், பெட்டியில்லாத ஒற்றை ஸ்பீக்கர் ஆகியவை உண்டு. கிளிப்பைக் கவ்வவிட்டதும் செட்டில் நீலமாகவோ பச்சையாகவோ விளக்கு எரியும். எரிந்தால் செட் நல்லது என்பது கடை மரபு.

"ஜப்பான் பீஸா பாய் இது?"

"ஒரிஜினல் சார். கையில தூக்கிப் பாருங்க, வெயிட்டே சொல்லும்."

எடையால் தரம் அறியும் இம்முறையை எள்ளி நகையாடுவோர் உளர். அது அவ்வளவு மடமை அன்று. கனம் இரண்டு இடத்தில் இருந்து வருகிறது: சிடியை இழுத்து விழுங்கும் பொறி ஒன்று, பின்புறத்து அலுமினிய ஹீட்சிங்க் மற்றொன்று. இப்போது வரும் மலிவான புது செட்களில் சிடி கிடையாது, ஹீட்சிங்கும் பெயருக்குத்தான். ஆகவே கனமான செட் நல்ல செட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே யாரோ விட்டுப்போன சிடி சிக்கியிருந்தாலும் கனத்தில் அது தெரியாது என்பதை மட்டும் வாங்குவோர் நினைவில் கொள்க. அது வெளியே வராது.

ஜப்பான் என்னும் பிறப்பிடத்தை நிறுவுவதற்கு எடையைவிடச் சிறந்த அகச்சான்று ஒன்று உள்ளது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய செட்களின் எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். சென்னையின் தனியார் எஃப்எம் தொடங்குவதே 91.1இல். ஆக, கடையில் சூரியன் எஃப்எம் 93.5 கணீரென்று கேட்குமானால் அது ஜப்பானியருக்குச் செய்த செட் அன்று; அசல் ஜப்பான் பீஸாக இருந்தால் சென்னையில் ஊமை. வாங்குபவர் எதற்கு ஆசைப்படுகிறார் என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் ஓடிய கார்களை இறக்குமதி செய்யும் இலங்கையில் இச்சிக்கலை நேர்மையாக எதிர்கொள்கிறார்கள். அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும் சின்னப் பெட்டியை ஆன்டெனா வயரில் கோத்துவிடுகிறார்கள்.

அமெரிக்கப் பீஸின் குணம் வேறு. அதன் எஃப்எம் 0.2 அளவில் தாவும், ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டுமே நிற்கும். 98.3 கிடைக்கும். 101.3ஐ அடுத்து 101.5க்குப் போய்விடுவதால் அகில இந்திய வானொலியின் ரெயின்போ 101.4 நடுவே மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் அரைகுறையாக இரையும். நாட்டை மாற்றும் வசதி சில செட்களின் மெனுவுக்குள் இருக்கிறது. அங்கே போய்த் தேடும் பொறுமை உள்ளவர் செட்டே மாற்றியிருக்க மாட்டார்.

அடுத்து முகம். திருட்டுக்குப் பயந்து முகப்பைக் கழற்றும்படி ஒருகாலத்தில் செய்தார்கள். ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனவர் முகத்தை உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோனார். அதன் விளைவாகப் பழைய சந்தையில் உடல் ஒரு கடையிலும் முகம் வேறு கடையிலும் அலைகின்றன. ஒரு மாடலின் உடலுக்கு இன்னொரு மாடலின் முகம் பொருந்திப்போவதும் உண்டு. ஒரே ஒரு பட்டன் மட்டும் எதற்கும் அசையாது. சுவடிப் பதிப்பாளர்கள் இதை இடைச்செருகல் என்பார்கள். உயர்ரகக் காரில் இருந்து வந்த கம்பெனி செட்டானால், மின்சாரம் ஒருமுறை துண்டிக்கப்பட்டால் ரகசியக் குறியீடு கேட்டு நிற்கும். கடைக்காரரிடம் கேட்டால், "அது ஒண்ணுமில்ல சார், ஓட ஓடச் சரியாயிடும்" என்பார். ஓடியதாகச் சான்று இல்லை.

முகத்தின் மேல் பொறித்த "50 வாட்ஸ் × 4" என்னும் கல்வெட்டை எப்படிப் படிப்பது? எஞ்சின் ஓடுகையில் காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8. கணக்கு சரிதான், ஆனால் அலை முழுக்க நசுங்கிச் சதுரமாகிப் பாட்டு வெறும் கரகரப்பாகிற நிலையில் வருகிற வாட் அது. பாட்டு பாட்டாக இருக்கும்வரை அதில் பாதி, 26 வாட்டைத் தாண்ட வழியே இல்லை. அதே செட்டின் பின்புறம் பெரும்பாலும் 10 ஆம்பியர் ஃப்யூஸ் சொருகியிருக்கும். 10 ஆம்பியருக்கு 144 வாட். முன்புறம் கோருவதோ 200. முன்புறத்தில் உயர்வு நவிற்சி அணி, பின்புறத்தில் தன்மை நவிற்சி அணி. ஒரே நூலில் இரண்டையும் இத்தனை பக்கத்தில் வைத்த ஆசிரியர் அரிது.

வயரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றும் மரபினர், "சாவி இல்லாமலே பாட்டு கேக்கலாம் சார்" என்று காரணம் காட்டுவர். சாவி போட்டும் வண்டி கிளம்பாத திங்கட்கிழமைக் காலைக்கு அவர்கள் உரை எழுதவில்லை. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுப்பவர் இன்னொரு மரபினர். அவர்கள் மாட்டிய செட், வண்டியை நிறுத்தும்தோறும் தன் முற்பிறப்பை மறந்து முதலில் இருந்து தொடங்கும்.

இனி இவ்வாய்வின் மையக் கோட்பாடு. செட்டை மாற்றுவதால் குறை நீங்குவதில்லை, குறை இடம்பெயர்கிறது. சில கம்பெனி செட்கள் சத்தம் ஏற ஏற பேஸைத் தாமாகவே அடக்கிக்கொள்ளும். கதவில் உள்ள காகிதக் கோன் ஸ்பீக்கர் கிழியக்கூடாது என்ற நல்லெண்ணம். குடும்பத்துக் கடனை வெளியே தெரியாமல் சமாளித்த மூத்த மருமகளைப் போன்றது அந்தச் செட். அதைக் கழற்றி, மூன்று ஜோடி ஆர்சிஏ அவுட்டும் ஏகப்பட்ட ஈக்வலைசரும் உள்ள பழைய அல்பைனையோ பயனியரையோ மாட்டியதும் கடன் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ஸ்பீக்கர் பர்ர் என்கிறது. ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் மாற்றினால், மெலிந்த தகடும் பிளாஸ்டிக் பேனலும் சேர்ந்து அதிர்ந்து கதவே கூடப் பாடுகிறது. கதவுக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டினால், இத்தனை நாள் அந்த இரைச்சலுக்கு அடியில் கிடந்த ஆல்டர்னேட்டர் ஊளை கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதி ஏறும். அதற்கு எர்த்தைச் சுரண்டி வேறிடத்தில் முடுக்க வேண்டும். அதுவும் அடங்கிய பிறகு, பென்டிரைவில் உள்ள பாட்டு 128 கேபிபிஎஸ் எம்பி3 என்பதும், அதில் ஜால்ரா ஒலி தண்ணீரில் நனைந்ததுபோல் இருப்பதும் தெளிவாகக் காதில் விழுகின்றன. இவ்விடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். நில்லாதவர்கள் பாட்டையே திரும்ப வாங்குகிறார்கள்.

கழற்றிய கம்பெனி செட் பரணில் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கும். காரை விற்கும்போது அதை இறக்கி மாட்டிவிட்டு நல்ல செட்டை எடுத்துக்கொள்வது ஆகமவிதி. மாட்டும்போது கப்ளரை வெட்டாமல் அடாப்டர் போட்டிருந்தால் இது கால்மணி நேர வேலை. வெட்டியிருந்தால், வாங்க வருபவர் டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு, கறுப்பு டேப் உருண்டையை வெளியே இழுத்து, ஒன்றும் பேசாமல் விலையைக் குறைப்பார்.

எடுத்துக்கொண்ட செட்டை எங்கே மாட்டுவது என்பது இத்துறையின் தீராத வினா. அடுத்து வாங்கும் காரில் துளையே இல்லை; ஏசியும் கேமராவும் ஸ்க்ரீனும் ஒரே கண்ணாடிக்குள் ஒட்டிப்பிறந்திருக்கின்றன. இத்தோடு இத்துறை முடிந்தது என்று கருதுவோர் ஒருமுறை ஜி.பி. ரோடு சென்று வரலாம். கம்பெனி ஸ்க்ரீனைத் தொடாமல், ஸ்பீக்கர் வயரில் இருந்தே சிக்னலை உருவி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டர் அங்கே கிடைக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.