போன வாரம் வந்திருக்கணும்

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன், நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில், என்னையும் என் மனைவியையும் வெர்மான்ட் மாநிலத்துக்கு இலை பார்க்கக் கூட்டிப்போனான். கோவில் இல்லை, அருவி இல்லை, இலை. அதற்கு ஆறு மாதம் முன்பே ரூம் போட்டிருந்தான். எந்த மலையில் எவ்வளவு நிறம் ஏறியிருக்கிறது என்று அங்கே வாராவாரம் அறிக்கை விடுகிறார்கள். அதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தான். நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய் இறங்கினால், முந்தின ராத்திரி காற்றும் மழையும். மலை முழுக்க விளக்குமாறுகளைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி இருந்தது. ரூம் சாவி கொடுத்த அம்மாள் பரிதாபப்பட்டுச் சொன்னார்: போன வாரம் வந்திருக்கணும்.

அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? “விடு மாப்ளே. மரம் உங்க ஊர்ல மட்டுமா இருக்கு? மதுரைக்கு வா, நான் காட்டுறேன்” என்றேன். என் மனைவி பார்த்த பார்வையில், ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச இலையும் உதிர்ந்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் சிக்கல் உறைத்தது. நாலாம் வகுப்பில் ‘இலையுதிர் காலம்’ என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேனே தவிர, அது மதுரைக்கு எப்போது வரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அக்டோபரில் வராது. அது ஐப்பசி, மழையில் நனைந்து கருவேலங்காடுகூட அழகாகத் தெரியும் மாதம். பழந்தமிழ்க் கணக்கில் கூதிர். ஆறு பருவம் வகுத்தவர்கள் ஒன்றுக்காவது இலையின் பேரை வைத்தார்களா? கார், கூதிர், ரெண்டு பனி, ரெண்டு வேனில், அவ்வளவுதான். நம் பக்கம் இலை கொட்டுவது மாசி, பங்குனியில், வெயில் ஏற ஏற.

மாசி என்றதும் ஒரு தெம்பு. மாதத்தின் பேரை வீதிக்கு வைத்த ஊராயிற்றே: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பார்கள். தேர் என்னவோ இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. ராஜா சாமிக்கே தேதி மாற்றியிருக்கிறார். நான் ஒரு மருமகனுக்குத் தேதி குறிக்க முடியாதா?

முடியவில்லை. வெர்மான்ட் மரத்துக்குக் கடிகாரம் உண்டு. அங்கே கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் 6 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். பகல் சுருங்கச் சுருங்க இலைக்காம்பின் அடியில் தக்கை மாதிரி ஓர் அடுக்கு வளர்ந்து வழியை அடைக்கும். பச்சையம் சிதையும். அதுவரை அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் தலைகாட்டும். இலையிலேயே மாட்டிக்கொண்ட சர்க்கரையை வைத்துச் சிவப்பு புதிதாகத் தயாராகும். மதுரையில் அந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு டீக்கடைப் பேச்சில் போய்விடும். இங்கே மரம் கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரைத்தான். ஆகவே மரத்துக்கு மரம் தேதி வேறு. எங்கள் தெருவில் குழாய் கசியும் முனையில் நிற்கும் வேம்பு பங்குனியிலும் ஜம்மென்று இருக்கும். எதிர்ச்சாரியில் சிமென்ட் தளத்தில் மாட்டிக்கொண்ட வேம்பு, பொங்கல் கரும்புச் சக்கை காயுமுன்பே பழுக்க ஆரம்பித்துவிடும்.

பழுக்கும் என்றுதானே சொல்கிறோம்? மாங்காய்க்கும் இலைக்கும் ஒரே சொல். பழுத்தது மாங்காய் என்றால் வீட்டுக்குள் வரும். இலை என்றால் தெருவுக்குப் போகும்.

தை மாதக் கடைசியில் டயரியும் டிவிஎஸ் ஃபிஃப்டியுமாகக் கிளம்பினேன். காந்தி மியூசியம், நாகமலை அடிவாரம், அழகர்கோவில் ரோடு. அரசமரம் எங்கே கண்டாலும் நின்று, கால்வாசி பழுத்தது, அரைவாசி பழுத்தது என்று குறித்தேன். ஒரு பிள்ளையார் கோவில் மேடை முன்னால் தினமும் அண்ணாந்து நின்றதில், மேடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் “தேன்கூடா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தள்ளி உட்கார்ந்தார்.

மாசி 15 என்று முடிவுசெய்தேன். மருமகனும் லீவு போட்டு வந்து இறங்கினான். தூக்கக் கலக்கம் தீருமுன்பே விடிகாலையில் பிள்ளையார் கோவிலுக்கு இழுத்துப்போனேன். அரசமரம் எலும்பும் தோலுமாக நின்றது. கீழே ஒரு சருகு கிடையாது; கூட்டித் தெளித்துக் கோலம் வேறு. பெருக்குகிற அம்மா நிமிர்ந்தார்.

“என்ன சார், மரத்தையே பாக்குறீங்க? போன வாரம் வந்துருக்கணும். கொட்டுன கொட்டுல எனக்கு இடுப்பே ஒடிஞ்சுபோச்சு.”

மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மானத்தைக் காப்பாற்றியது வாதாங்கொட்டை மரம். புத்தகத்தில் நாட்டு வாதுமை. கல்லால் உடைத்துத் தின்று, சட்டையில் கறையும் முதுகில் அடியும் வாங்கியவர்களுக்கு வாதாங்கொட்டைதான். நம் சமவெளியில் மேப்பிளுக்கு ஈடாகச் சிவக்கிற மரம் இது ஒன்றுதான் என்பது என் தீர்ப்பு. தட்டகல இலை, ரத்தச் சிவப்பும் செம்பும் ஆரஞ்சும் ஒரே கிளையில். வருஷத்துக்கு ரெண்டு தரம்கூடக் கொட்டும். பின்தெருவில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் அது சாயங்கால வெயிலில் திகுதிகுவென்று நின்றது. மருமகன் கேமராவோடு தரையில் படுத்தேவிட்டான்.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். “மரம் வெட்டுற ஆளுகளா? எவ்வளவு கேப்பீங்க?”

சாக்கடை அடைக்கிறது, மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறது, ராத்திரி வவ்வால் கொட்டையைத் தகரத்தில் போட்டுத் தூங்கவிடுவதில்லை என்று அவர் அடுக்கினார். அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “வெட்டிராதீங்கம்மா. இதப் பாக்க எங்க ஊர்ல ஒரு ராத்திரிக்கு இருபதாயிரம் ரூவா குடுத்துத் தங்குறாங்க” என்றான். பெருக்குகிற கூலி என்று ஆயிரம் ரூபாயை அவர் கையில் வைத்தும்விட்டான். அந்த அம்மா ரூபாயைப் பார்த்தார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

அவன் விமானம் ஏறிய நாலாம் நாள் அரசமரம் செம்புத் தளிர் விட்டது, மரம் முழுக்க. போட்டோ எடுத்தேன். “அனுப்பாதீங்க, பாவம்” என்றாள் மனைவி. அனுப்பவில்லை.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் கேட்டைத் தட்டும் சத்தம். அந்த அம்மாதான், கையில் ஒரு சிவந்த இலையோடு.

“ரெண்டாந்தரம் கொட்ட ஆரம்பிச்சிருச்சு. அமெரிக்கத் தம்பிகிட்ட சொல்லிருங்க. இந்தத் தடவை ஆயிரம் பத்தாது.”